சேதம் எம்புட்டு

அலங்காநல்லூரிலிருந்து வடக்கே மலையைப் பார்த்துப் போகிற மண்பாதையில், கரும்புக் கொல்லைகள் முடிந்து ஓடை குறுக்கிடுகிற இடத்தில் கருத்தக்கண்ணனின் மீன்பண்ணை இருந்தது. பண்ணை என்று பெயர்தான், மொத்தம் நாலு குளம். கண்மாய்க்குக் கீழே எந்நேரமும் ஊற்று கசிந்துகொண்டிருந்த நிலம் அது. நெல் நட்டால் வேர் அழுகிப்போகும். கரும்பு வைத்தால் தோகை மஞ்சளாகும். அவனுடைய அப்பா காலத்திலேயே அதை மாடு மேயவிட்டு மறந்துவிட்டார்கள். மீன்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, இங்கே மீன் வளரும் என்று சொல்லிவிட்டுப் போன அந்த வருடமே கருத்தக்கண்ணன் ஆள் விட்டு வெட்டிக் கரை போட்டான். வைகை அணையிலிருந்து பாலித்தீன் பைகளில் காற்றடைத்துக் குஞ்சுகள் வந்து இறங்கின. கட்லா, ரோகு என்கிற பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி ஊர் ஜனம் கரையில் நின்றது.

முதல் வருடம் அந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதியை நீர்க்காகங்கள் தின்றுவிட்டன. விடியும்போது கறுப்பாக வந்து இறங்கும். முங்கினால் வேறொரு பக்கம் எழும்பும், அலகில் வெள்ளியாக ஒன்று துள்ளும். கருத்தக்கண்ணன் கல்லெறிந்து தோள்பட்டை வீங்கிப் படுத்தான். அப்போதுதான் அவனுக்கு அக்கா வீட்டுக்காரர் சோணைமுத்துவின் நினைவு வந்தது.

சோணைமுத்துவிடம் ஒரு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மலையடிவாரத்துக் கடலைக் காட்டில் பன்றி விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கியது. மானாவாரி நிலம், மழை இரண்டு வருடமாக ஏமாற்றியிருந்தது. ஒரே மகள் ஜெயக்கொடியை ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. "நீங்களும் அக்காவும் குளத்தாங்கரையிலயே வந்து இருங்க மச்சான். மீன்ல ஒரு பங்கு ஒங்களுக்கு" என்று கருத்தக்கண்ணன் கூப்பிட்டபோது, மச்சான் யோசிக்காமல் பெட்டியைக் கட்டினார். அவர் மனைவி ராக்கம்மாள்தான் கொஞ்சம் யோசித்தாள். தம்பி நிலத்தில் போய்க் குடியிருப்பதா என்று. ஆனாலும் வந்தாள்.

கரைமேல் இரண்டு அறையாக ஒரு ஓட்டு வீடு. அடுப்படிக் கதவைத் திறந்தால் தண்ணீர். சோணைமுத்து விடிகாலையில் கருவேல மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார். வேட்டுச் சத்தம் மலையில் முட்டித் திரும்பி வரும். புகை தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் நிற்கும். குறி தப்புவது அபூர்வம். விழுந்த பறவைகளைக் காலைப் பிடித்துக் கொத்தாகக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போடுவார். மற்ற வேலை ராக்கம்மாளுடையது. நீர்க்காகத்தின் தோலுக்கடியில் ஒரு கொழுப்பு உண்டு, அதில் மீன் கவிச்சி ஏறியிருக்கும். இறகைப் பிடுங்கினால் மட்டும் போதாது, தோலை உரித்தெடுத்துவிட்டு, மிளகையும் பூண்டையும் அள்ளிப்போட்டு வதக்கினால்தான் வாயில் வைக்கலாம். அப்படிச் சமைத்தாலும் திடீரென்று பல்லில் ஈய ரவை கடிபடும்.

"இனிமே இத எங்கிட்டக் கொண்டாராதீக" என்றாள் ஒருநாள். "கைய எம்புட்டுக் கழுவுனாலும் கவிச்சி போகமாட்டேங்குது. சோத்துல கைய வச்சாக் கொமட்டுது."

"வேணாம்னா சுந்தரம்மாகிட்டக் குடுத்துரு. சுட்டத வீணாக்க முடியுமா?"

"சுடாம இருக்க முடியும்ல?"

"அத ஒந் தம்பிகிட்டச் சொல்லு."

சுந்தரம்மாள் கீழத்தெருவிலிருந்து தீவனம் கலக்கவும் கரைக்குப் புல் செதுக்கவும் வந்துகொண்டிருந்தவள். கறியை அவள் சந்தோஷமாக வாங்கிப்போவாள். இப்படி மூன்று வருடம் போயிற்று.

அந்த ஐப்பசியில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை மழை விட்டு வெயிலடித்தபோது, பெரிய குளத்தில் கூழைக்கடாக்கள் மூன்று இறங்கின. அந்தப் பக்கத்தில் யாரும் அவற்றை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. படகு போல மிதந்தன. கருத்தக்கண்ணன் மேட்டிலிருந்து சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"மச்சான், என்ன பாத்துக்கிட்டு இருக்கீக? ஒண்ணு ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ முழுங்குமாம். சுடுங்க, சுடுங்க!"

"இது வேற சாதியாவுல்ல இருக்கு மாப்ள. பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"மீனத் திங்குறதுல என்ன சாதி? சுடுங்கங்கிறேன்!"

சுட்டார். இரண்டு எழும்பிப் போயின, ஒன்று கவிழ்ந்தது. கரைக்கு இழுத்துப்போட்டபோது அதன் தொண்டைப் பை அசைந்துகொண்டிருந்தது. ராக்கம்மாள் கிட்டே போய் அலகைப் பிளந்து கையை விட்டாள். உள்ளே ஒரு ரோகு உயிரோடு கிடந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் விட்டாள், வாலை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டது. பறவைக்கு இன்னும் உயிர் இருந்தது. வெகுநேரம் இருந்தது. அவள் அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மீனு பொழச்சிருச்சு" என்றாள் தம்பியைப் பார்த்து. "சந்தோசமா?"

அவன் சைக்கிளை எடுக்கப் போனான்.

புதைத்ததை நாய்கள் இழுத்துவிட்டன. வெள்ளை இறகுகள் மண்பாதை வரைக்கும் பறந்தன. யார் சொன்னார்களோ, அந்த வாரமே வனத்துறை ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் நடுவயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது. கரையைச் சுற்றி நடந்து இறகுகளைப் பார்த்தார், அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தார்.

"இந்த லைசென்ஸ் பன்றி விரட்டத்தான். நீர்க்காகம், கொக்கு, நாரை, கூழைக்கடா எதையும் தொடக்கூடாதுன்னு சட்டம் வந்து பத்து வருஷமாச்சு. தெரியாதா?"

"தெரியாதுங்க சார்" என்றார் சோணைமுத்து. அது உண்மை.

கருத்தக்கண்ணனுக்குக் கோபம் வந்தது. "அப்ப நாங்க குஞ்சு விட்டு வளத்து பறவைக்குக் குடுக்கணுமா சார்? ஒரு ஆபீசு மீன வளக்கச் சொல்லுது. ஒரு ஆபீசு பறவைய வளக்குது. நடுவுல நாங்க என்ன செய்ய?"

ரேஞ்சர் கோபப்படவில்லை. "உங்க தொழிலக் கெடுக்க நான் வரலைங்க. அதுக்கும் வழி வச்சிருக்காங்க. மனு போடுங்க. மொதல்ல விரட்டுற வழியெல்லாம் செஞ்சு பாருங்க. மீன் பிடிக்கிற அன்னைக்கு நானே வந்து சேதம் எவ்வளவுன்னு பாக்குறேன். நிஜமாவே தாங்க முடியாத சேதம்னா, நீர்க்காகத்தை மட்டும் இத்தனை சுடலாம்னு மேல எழுதி அனுமதி வாங்கித் தரேன். கூழைக்கடாவ எப்பவுமே தொடக்கூடாது."

"அதுவரைக்கும்?"

"கயிறு கட்டுங்க, பொம்மை வைங்க. வெடி போட்டு விரட்டுங்க. பயந்து பறந்துபோனா யாருக்கும் நஷ்டமில்ல."

வழக்குப் போடாமல் எச்சரித்துவிட்டு, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார். ராக்கம்மாள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாவது சொம்பும் கொடுத்தாள். அன்று சாயங்காலம் கருப்பட்டி போட்டுப் பணியாரம் சுட்டாள்.

"என்னா விசேசம்?" என்று கேட்டார் சோணைமுத்து.

"சும்மாதான். வாய்க்கு நல்லாருக்கட்டும்னு" என்றாள். அவருக்குப் புரிந்தது. துப்பாக்கி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தபடியே தின்றார்.

கார்த்திகையில் நீர்க்காகங்கள் கூட்டமாக வந்தன. விரட்டும் வேலை அப்போதுதான் என்னவென்று தெரிந்தது. சுடுவதற்கு உட்கார்ந்திருந்தால் போதும், விரட்டுவதற்கு நாள் முழுக்க நடக்கவேண்டும். அலங்காநல்லூர் ஒலிபெருக்கிக் கடையில் கிடந்த பழைய கேசட்டுகளை வாங்கிவந்து, உள்ளேயிருந்த நாடாவை உருவிக் குளத்தின் குறுக்கே கட்டினார்கள். காற்றில் அது மின்னியது, வண்டு போல ரீங்கரித்தது. நாலைந்து நாள் பறவைகள் தயங்கின. பிறகு நாடாவுக்குக் கீழே நுழைந்து முங்கின. கருத்தக்கண்ணனின் பழைய சட்டையை மாட்டி ஒரு பொம்மை நட்டார்கள். நீர்க்காகங்கள் அதன் இரண்டு கைமேலும் வரிசையாக உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்தன.

"ஒந் தம்பி நிக்கிறான் பாரு, காக்காய தூக்கி வச்சுக்கிட்டு" என்று சோணைமுத்து சிரித்தார். ராக்கம்மாளும் சிரித்தாள். பனியில் கரை வழுக்கும். அவர் ஒரு பக்கம் ஓ என்று கத்திக்கொண்டு ஓடுவார், அவள் மறுபக்கம் முந்தானையை வீசிக்கொண்டு ஓடுவாள். கல்யாணமான புதிதில் கடலைக் காட்டில் கிளி விரட்டிய மாதிரி இருந்தது. மதியம் கஞ்சிக்கு உட்காரும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

கருத்தக்கண்ணன்தான் பொறுமையில்லாதவன். மார்கழி பிறந்ததும் எங்கிருந்தோ வெங்காய வெடி வாங்கிவந்தான். வெங்காயம் அளவுக்குச் சணலில் சுற்றியிருக்கும். திரி கிடையாது, எறிந்தால் விழுந்த இடத்தில் வெடிக்கும். மலையடிவாரத்தில் பன்றிக்காகக் களவாகச் செய்து விற்பார்கள்.

"கடை வெடி பத்தவச்சு எறியிறதுக்குள்ள அது முங்கி எந்திரிச்சுப் போயிருது மச்சான். இதுன்னா எறிஞ்ச ஒடனே."

"இது சூதானமா வச்சுக்கிற சாமான்டா மாப்ள" என்றார் சோணைமுத்து. ஆனால் வாங்கிக்கொண்டார். ஒரு மஞ்சப் பையில் தவிட்டைக் கொட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் அதற்குள் புதைத்து வைத்துக்கொண்டார். எதிர்க்கரையில் கிடந்த பாறையில் எறிவார். மலையே அதிரும். பறவைகள் ஒரே கறுப்பாக எழுந்து ஓடைப் பக்கம் போய்விடும். அரை நாள் திரும்பாது.

"துப்பாக்கிய விட இது சொகமா இருக்கு" என்றார் ஒருநாள், நடந்து வந்து படியில் உட்கார்ந்து. "வேட்டுக்கு வேட்டும் ஆச்சு. ஒண்ணும் சாகல."

ராக்கம்மாளுக்கு அதைக் கேட்டபோது மனசு நிறைந்தது. அவர் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப்போட்டாள்.

மார்கழிக் கடைசியில் பனி மழை மாதிரி பெய்தது. மஞ்சப் பை நனைந்து தவிடு கெட்டியாகிவிட்டது. இரண்டு வெடிகள் வெடிக்காமல் போனதாக அவர் குறைபட்டுக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள். மறுநாள் அவர் எழுவதற்கு முன்னால், வெடிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து, ஈரம் புகாதபடி மூடி போட்ட எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு வைத்தாள். உலர்ந்த தவிடு வீட்டில் இல்லை. அப்புறம் சுந்தரம்மாள் வீட்டில் வாங்கிப் போடலாம் என்று நினைத்தாள். பை ஈரமாக இருந்தது, சட்டியில் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் பல்லில் குச்சியோடு தலையாட்டினார்.

சூரியன் கிளம்பும் நேரத்தில் கூட்டம் இறங்கியது. அவர் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். கரை வளைகிற இடத்தில் கால் வழுக்கியது. விழவில்லை, சமாளித்துக்கொண்டார். ஆனால் சட்டி குலுங்கியது.

அவள் அடுப்படியில் இருந்தாள். வழக்கமாகச் சத்தம் எதிர்க்கரையிலிருந்து வரும். இது இந்தப் பக்கமிருந்து வந்தது.

மாட்டுவண்டியில் அலங்காநல்லூர் வரைக்கும், அங்கிருந்து ஒரு லாரியில் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் ராக்கம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வலது கையில் கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும் மிஞ்சின. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றொன்றில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் தெரியாது என்று டாக்டர் நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

தையும் மாசியும் ஆஸ்பத்திரியிலேயே போயின. ராக்கம்மாள் ஒத்தக்கடையில் மகள் வீட்டில் ராத்திரி தங்கி, காலையில் ரசஞ்சோற்றோடு பஸ் ஏறி வருவாள். கருத்தக்கண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். பண்ணைக்கு ஆள் வைத்துப் பார்த்தான், யாரும் நிற்கவில்லை. நடந்ததைக் கேட்ட பிறகு வெடி என்ற சொல்லுக்கே பயந்தார்கள். குளங்களை அப்படியே விட்டுவிட்டான்.

ஒருநாள் ரேஞ்சரும் வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலருகே நின்று தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெடி போடச் சொன்னேன்" என்றார் கடைசியில். "கடை வெடியத்தான் நெனச்சேன். அதைத் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"நீங்க என்ன சார் செய்வீக? கண்டவன்கிட்ட அத வாங்குனவன் நானு" என்றான் கருத்தக்கண்ணன். "மச்சான் அன்னைக்கே சொன்னாரு, சூதானமா வைக்கிற சாமான்னு."

ராக்கம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சட்டியில போட்டது நானு. தவிடு வாங்கிப் போட்டுட்டுத்தான் மறுவேலன்னு இருந்திருக்கணும். அடுப்பப் பத்தவச்சிட்டு ஒக்காந்துட்டேன்."

கட்டிலில் சோணைமுத்து அசைந்தார். முகத்தில் பாதிக்குமேல் கட்டு.

"ஏப்பா, கையும் என் கையி, கண்ணும் என் கண்ணு. கொறையத் தேடுறதுல மட்டும் ஆளாளுக்குப் பங்கு கேக்குறீகளே. என் காலு வழுக்குச்சு, நான் சட்டிய ஆட்டுனேன். அதவாவது எனக்குன்னு விடுங்க."

பிறகு அவரே, "பண்ணையில யாரு நிக்கிறா?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல மச்சான்."

"அய்யோ. அப்ப மீனு?"

"மீனு போகுது விடுங்க."

"என்னாத்த விட? அம்புட்டும் போயிருமே மாப்ள. ஒரு மாசமா ஆளில்லையா? ரெண்டு மாசமா?" அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். ராக்கம்மாள் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தான் இருந்திருந்தால் ஒன்றை இறங்கவிட்டிருக்க மாட்டேன் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். தனக்கு நடந்ததைவிடக் குளம் காவலில்லாமல் கிடப்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ராக்கம்மாளுக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. நினைக்க ஏதோ ஒன்று வேண்டுமே.

பங்குனியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மீன் பிடிக்க நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் சோணைமுத்து வீட்டுக்கு வந்திருந்தார். அன்று காலை, தானும் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ராக்கம்மாள் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து கரையில் கோணிச்சாக்கு விரித்து உட்காரவைத்தாள். வலை இழுக்க மேலூர்ப் பக்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இரண்டு வரிசையாக நின்று ஏலேலோ சொல்லி இழுத்தார்கள். கூடை சுமக்கச் சுந்தரம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும். ரேஞ்சர் சொன்னபடி வந்து, ஜீப்பைப் பாதையில் நிறுத்திவிட்டு நின்றார்.

வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கியது. கட்லாக்கள் கரும்பலகை போல முதுகைக் காட்டின. ஒவ்வொன்றும் போன வருடத்ததைவிடத் தடியாக இருந்தது. வழக்கமாக வலையின் அடியில் கெளுத்தியும் குறவையும் பேர் தெரியாத பொடிமீன்களுமாகக் கூடைகூடையாக வரும். வாய்க்கால் தண்ணீரோடு வந்து குளத்தில் பெருகி, போடுகிற தீவனத்தில் பாதியைத் தின்பவை அவை. இந்த வருடம் அவை கைப்பிடி அளவுதான் இருந்தன. பறவைகள் அவற்றைத்தான் பொறுக்கித் தின்றிருந்தன. சித்திரையில் குஞ்சு விட்டபோது இம்முறை கருத்தக்கண்ணன் பெரிய குஞ்சுகளாகக் கேட்டு வாங்கியிருந்தான். கார்த்திகைக்குள் அவை நீர்க்காகம் முழுங்கமுடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தன.

கருத்தக்கண்ணன் வலையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. திரும்பிக் கரையில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தான்.

"ஆத்தி, இம்புட்டா!" என்று வாயெடுத்த சுந்தரம்மாளின் கையை ராக்கம்மாள் பிடித்து அழுத்தினாள்.

"எப்படி மாப்ள?" என்று கேட்டார் சோணைமுத்து. காதை வலைப்பக்கம் திருப்பியிருந்தார். "ரொம்பக் கொறஞ்சு போச்சா?"

"கொறஞ்சுதான் மச்சான் போச்சு" என்றான் அவன். "நீங்க இல்லாத கொற."

சோணைமுத்து தலையை ஆட்டினார். அந்த முகத்தில் துக்கமும், துக்கத்துக்கு அடியில் ஒரு நிறைவும் வந்தன. "நான் அப்பவே சொன்னேன்ல. ரெண்டு மாசம். சும்மாவா?"

ரேஞ்சர் கரையோரமாக நடந்து வந்தார். வலையையும் நிரம்பிக் கொண்டிருந்த கூடைகளையும் பார்த்தார். அவருக்கு மீன் கணக்குத் தெரியாது, போன வருடத்தைப் பார்த்தவரும் இல்லை. அதனால் கேட்டார்: "சொல்லுங்க. சேதம் எவ்வளவு? நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் மேல எழுதணும். இவருக்கு நடந்ததுக்கு அப்புறம், வெடியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பாதிக்கு மேல போச்சுன்னா சொல்லுங்க. சுட அனுமதி வாங்கித் தர்றேன். சுடத் தெரிஞ்ச வேற ஆளை வச்சுக்கலாம்."

கருத்தக்கண்ணன் வாயைத் திறந்தான். பாதி என்றுதான் சொல்லவந்தான். அது ராக்கம்மாளுக்குத் தெரிந்தது. அவன் மச்சானுக்காகச் சொல்கிறான் என்பதும் தெரிந்தது. ஆனால் அந்த நிமிடம் அவள் கண்ணில் அடுப்படி வாசலும், காலைக் கட்டிக் கொத்தாகப் போட்ட பறவைகளும் வந்தன. இன்னொருத்தன் துப்பாக்கியோடு கருவேல மரத்தடியில் வந்து உட்காருவான்.

"கொறையல சார்" என்றாள்.

ரேஞ்சர் திரும்பினார்.

"போன வருசத்த விடக் கூடத்தான் இருக்கு. பொடிமீனத்தான் தின்னுருக்கு. காவல் இல்லாமயே நல்லா வெளஞ்சிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான், கோணிச்சாக்கில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் பார்த்தாள். அவர் முகம் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. முழங்காலில் வைத்திருந்த இடது கை மட்டும் மெல்ல மடியில் இறங்கியது.

"சரி" என்றார் ரேஞ்சர். "சேதமில்லைன்னா அனுமதிக்கு எழுத முடியாது." சோணைமுத்துவிடம் போய், "வர்றேங்க" என்றார். "போய்ட்டு வாங்க சார்" என்றார் அவர், மரியாதையாக.

ஜீப் போன பிறகு கருத்தக்கண்ணன் அக்காவை வேலியோரம் கூப்பிட்டான். "ஒரு வார்த்த பொய் சொல்லியிருந்தா என்னக்கா கொறஞ்சிருக்கும்? துப்பாக்கிக்காரன வைக்கவா போறேன்? அனுமதிய வாங்கிப் பரண்ல போட்டிருப்பேன். அந்த மனுசன் ஆஸ்பத்திரியில தன் காவலு இல்லாட்டி மீனு போயிருங்கிற நெனப்ப ஒண்ணத்தானக்கா பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. அனுமதி வாங்கிப் பரணில் போடலாம் என்பது. சேற்றுக் காலோடு அப்படியே நின்றாள்.

அன்று ராத்திரி பண்ணைப் பங்காக வந்த கட்லாவில் குழம்பு வைத்தாள். மாங்காய் நறுக்கிப் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி புளியைக் குறைத்து. பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்து, சதையைச் சோற்றோடு உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவர் இடது கையால் தடவி எடுத்துச் சாப்பிட்டார்.

"நெசமாத்தான் சொன்னியா?"

"ம். நெசந்தான்."

"கூடத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் ஒரு உருண்டையை மென்று விழுங்கினார். "அப்ப மூணு வருசமா நான் சுட்டதெல்லாம்…"

"மொத வருசம் நெசமாவே தின்னுச்சுல்ல. சின்னக் குஞ்சு. அத நெனச்சுத்தான சுட்டீக."

"ம்." தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். சொம்பை இறக்கிவைக்கத் தரையைத் தேடினார், அவள் கையைப் பிடித்து வைக்கவைத்தாள்.

"நீ பொய் சொல்லியிருக்கணும்னு நான் சொல்லல" என்றார். "ஒனக்கு வராது, எனக்குத் தெரியும். ஆனா அந்தாளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல ராக்கு. பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். குனிஞ்சு காதுல சொல்லியிருந்தாப் போதும். அம்புட்டு ஆளுக்கு முன்னாடி, நானும் கேக்குற ஆளுல ஒரு ஆளாக் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டால் அது சின்னதாகிவிடும் என்று பட்டது. தட்டில் இருந்த கடைசி உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலை என்று அவள் பல நாள் நினைத்தாள்.

கருத்தக்கண்ணன் அவர்களைப் போகச் சொல்லவில்லை. பங்கும் குறைக்கவில்லை. சித்திரையில் புதுக் குஞ்சு விட்டான். அடுத்த கார்த்திகை பிறந்து நீர்க்காகங்கள் வரத் தொடங்கியதும், சோணைமுத்து தட்டிச் சத்தமெழுப்ப ஏதாவது கட்டித் தரச்சொல்லிக் கேட்டார். சும்மா உட்கார்ந்து திங்க முடியாது என்றார். தேவையில்லை மச்சான் என்று சொல்ல வாயெடுத்த தம்பியை ராக்கம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் போய், இரும்புக் கடையிலிருந்து ஒரு தகரப் பீப்பாயை வாங்கிவந்து வீட்டை ஒட்டிக் கரையில் தொங்கவிட்டான்.

விடியும் நேரத்தில் அவர் சுவரைத் தடவிக்கொண்டு அங்கே போய் நிற்பார். கம்பை இடது கையில் பிடித்துப் பீப்பாயில் ஓங்கி ஓங்கி அடிப்பார். தோள் வலிக்கும்வரை அடிப்பார். முதல் வாரம் பறவைகள் கலைந்தன. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவற்றுக்குக் கோழி கூவுவது மாதிரி ஆகிவிட்டது.

"போயிருச்சா?" என்றார் ஒருநாள், மூச்சு வாங்க.

ராக்கம்மாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். குளத்தில் பனிப்புகை ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் இருபது முப்பது கறுப்புத் தலைகள் முங்குவதும் எழுவதுமாக இருந்தன. இரண்டு கிட்டத்துக் கரையிலேயே சிறகை விரித்து நின்றன.

"போயிருச்சு" என்றாள்.

"றெக்கச் சத்தமே கேக்கலையே?"

"காத்து அந்தப் பக்கமால்ல அடிக்குது. ஓடைக்கு அங்கிட்டுப் போயிருச்சு, அம்புட்டும்."

அவர் சரி என்று தலையாட்டி, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தார். "கஞ்சியக் கொண்டா. மொளகா வத்தல் ரெண்டு சுட்டு வையி."

"இந்தா வாரேன்" என்றாள். அவருக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில், ஒரு நீர்க்காகம் எழும்பி அலகை உயர்த்தி ஒரு பொடிமீனை விழுங்கியது. தண்ணீர் சளசளத்த சத்தம் அவர் காதில் விழாமலிருக்க, ராக்கம்மாள் சொம்பைக் கல்லில் நங்கென்று வைத்துக் கஞ்சியைக் கரைக்கத் தொடங்கினாள்.